அதிர்விலிருந்து மின்சாரம்: பீசோ மின்னாக்கியைக் கணக்கிட்டுச் செய்யும் முழுமையான வழிகாட்டி

ஓடிக்கொண்டிருக்கும் பம்பு, மின்விசிறி, மின்மாற்றி போன்றவற்றின் உடலில் கை வைத்தால் உணரப்படும் நடுக்கத்திலிருந்து, ஒரு வெப்பநிலை உணரியையும் அதன் சிறிய ரேடியோ பரப்பியையும் மின்கலமே இல்லாமல் இயக்குமளவு மின்சாரத்தை எடுக்க முடியும். அதற்குரிய பீசோ மின்னாக்கி, அதாவது அழுத்தினாலோ வளைத்தாலோ மின்னூட்டம் தரும் பொருளைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் கருவி, ஒன்றை அளந்து, கணக்கிட்டு, செய்து, சோதித்து, சுமையுடன் இணைப்பது வரையிலான வேலையை இந்த வழிகாட்டி வரிசையாக விளக்குகிறது. பற்றவைக்கவும் மல்டிமீட்டரைக் கையாளவும் தெரிந்தவருக்கு இது கைக்கு எட்டும் வேலைதான். ஆனால் நான் பார்த்தவரை இம்முயற்சி தோற்கும்போது, குறை பெரும்பாலும் பீசோ பொருளில் இருப்பதில்லை. இயந்திரம் எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்பதை அளக்கும் முன்பே தகட்டை வெட்டிவிடுவதில்தான் இருக்கிறது. ஆகவே அளவீட்டுக்கும், இயந்திரத்தின் அதிர்வெண்ணும் தகட்டின் இயல்பான அதிர்வெண்ணும் ஒன்றாகும்போது ஆட்டம் பெருகும் ஒத்ததிர்வுக்கும் இங்கே மிகுதியாக இடம் கொடுத்திருக்கிறேன்.

## எவ்வளவு எதிர்பார்க்கலாம்

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பீசோ மின்னாக்கி சாதாரண இயந்திர அதிர்விலிருந்து தருவது பத்துகளிலும் நூறுகளிலும் எண்ணப்படும் மைக்ரோவாட்டுகளே. அதிர்வு வலுவாக இருந்தால் சில மில்லிவாட் வரை போகலாம். இந்த எல்லையை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நடைபாதையில் பீசோ ஓடுகளைப் பதித்து ஊருக்கே விளக்கேற்றலாம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அதைச் சரிபார்க்க ஒரு பெருக்கல் போதும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மிதிக்கும்போது ஓடு 5 மில்லிமீட்டர் கீழிறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மிதியில் ஓட்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 3.4 ஜூல். அது முழுவதும் இழப்பின்றி மின்சாரமாக மாறினாலும், 10 வாட் எல்இடி விளக்கு ஒன்றை மூன்றில் ஒரு நொடிதான் எரியவைக்கும். 15 வாட்-மணி கொள்ளளவுள்ள கைப்பேசி மின்கலத்தை நிரப்ப அப்படிப்பட்ட மிதிகள் ஏறத்தாழ 16,000 வேண்டும். உண்மையான ஓடுகள் இந்த ஆற்றலில் ஒரு பகுதியையே மின்சாரமாக்குகின்றன.

பீசோ மின்னாக்கியின் இயல்பான இடம் வேறு. கம்பி இழுக்க முடியாத, மின்கலம் மாற்ற ஆள் போக முடியாத, ஆனால் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஓர் இயந்திரத்தின் மேல், நிமிடத்துக்கு ஒரு முறை ஓர் அளவீட்டை அனுப்பும் உணரிக்கு அது பொருத்தமான துணை.

## விளைவின் அடிப்படை

1880இல் ழாக் கியூரியும் பியேர் கியூரியும் குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷல் உப்பு முதலிய படிகங்களை அழுத்தும்போது அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் உருமாறவும் வேண்டும் என்று 1881இல் காப்ரியேல் லிப்மன் வெப்ப இயக்கவியல் வழியாகக் கணித்தார். கியூரி சகோதரர்கள் அதையும் சோதனையால் உறுதிசெய்தனர். இந்த இரண்டாவது விளைவு நம் வேலைக்குத் தொடர்பற்றது போலத் தோன்றினாலும் அப்படியன்று. தகட்டிலிருந்து மின்னோட்டத்தை எடுக்கும் கணத்திலேயே, அந்த எதிர்விளைவின் மூலம் பீசோ பொருள் தகட்டின் அசைவைத் தடுக்கத் தொடங்குகிறது. எடுக்கும் மின்சாரம் ஒரு பிரேக்கைப் போல வேலை செய்கிறது. அந்தப் பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்பதே பின்னால் வரும் மின்சுற்றுக் கணக்கின் சாரம்.

படிகத்தின் அலகுக்கட்டத்தில் சமச்சீர் மையம் இல்லாதபோது மட்டுமே இவ்விளைவு எழும். அழுத்தும்போது நேர் மின்னூட்டங்களின் மையமும் எதிர் மின்னூட்டங்களின் மையமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அந்த விலகல் இரு பக்க மின்வாய்களிலும் மின்னூட்டமாக வெளிப்படுகிறது. சுட்ட பீங்கான் வகைப் பொருள்களில் நுண்மணிகள் பல திசைகளில் கிடப்பதால், உயர் மின்புலத்தில் வைத்து அவற்றை ஒரே திசைக்குத் திருப்பியிருப்பார்கள். இதற்கு முனைவாக்கம் என்று பெயர். தகட்டை மிகையாகச் சூடாக்கினால் இந்த முனைவாக்கம் அழிந்து, பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமலேயே தகடு வெறும் பீங்கானாகிவிடும்.

## பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஒரு நியூட்டன் விசைக்கு எத்தனை பிகோகூலும் மின்னூட்டம் கிடைக்கிறது என்பதைக் கொண்டு பொருள்களை ஒப்பிடலாம். குவார்ட்ஸில் இது 2.3 மட்டுமே. தகட்டை வளைக்கும் முறையில் பயன்படும் குணகம், பி.வி.டி.எஃப். என்னும் நெகிழி ஏட்டில் 20ஐ ஒட்டியும், ஈய சிர்க்கோனேட் டைட்டனேட் எனப்படும் பி.இசட்.டி. பீங்கானின் 5ஏ வகையில் 170ஐ ஒட்டியும், 5ஹெச் வகையில் 270ஐ ஒட்டியும் இருக்கிறது. எண்ணைப் பார்த்து 5ஹெச் வகையை எடுக்கத் தோன்றும். ஆனால் அதன் கியூரி வெப்பநிலை, அதாவது முனைவாக்கம் அழிந்துவிடும் வெப்பநிலை, 200 டிகிரி செல்சியசுக்குச் சற்றுக் கீழே நிற்க, 5ஏ வகைக்கு அது 350 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கியூரி வெப்பநிலையின் பாதிக்குக் கீழேயே தகட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. சூடாக ஓடும் மோட்டாரின் மேல் ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகும் மின்னாக்கிக்கு நான் 5ஏ வகையையே பரிந்துரைப்பேன்.

பி.வி.டி.எஃப். ஏடு உடையாது, பெரிதாக வளையும். துணி, குழாய், கொடி போன்று நெளியும் பரப்புகளுக்கு அதுவே ஏற்றது. பஸர்களில் உள்ள வட்டமான பித்தளைத் தகடுகள் பழகிப் பார்ப்பதற்கு நல்லவை. ஆனால் அவை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அப்படியே இயந்திரத்தில் ஒட்டினால் குறைந்த அதிர்வெண் அதிர்வுகளில் அவை ஏறக்குறைய வளைவதே இல்லை.

பி.இசட்.டி.யில் ஈயம் உண்டு. அதை உலர்ந்த நிலையில் அறுக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. உடைந்த துண்டுகளின் தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்து, கைகளைக் கழுவ வேண்டும். வேண்டிய அளவிலேயே வெட்டிய தகடுகளை வாங்குவது இந்தச் சிக்கலை முழுவதும் தவிர்க்கும்.

## முதல் படி: அதிர்வை அளத்தல்

மின்னாக்கியை வைக்கப்போகும் இடத்தில், இயந்திரம் வழக்கமான சுமையுடன் ஓடும்போது, முடுக்கத்தின் நிறமாலையை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு முடுக்கம் என்று காட்டும் வரைபடத்தை, எடுக்க வேண்டும். முடுக்கமானி உணரியும் சிறு கணினிப் பலகையும் இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் கைப்பேசியில் உள்ள முடுக்கமானியும் ஃபைஃபாக்ஸ் போன்ற செயலியும் தொடக்கத்துக்குப் போதும். கைப்பேசியைக் கையால் பிடித்து அளந்தால் கையே அதிர்வை விழுங்கிவிடும் என்பதால், அதை இருபக்க ஒட்டுநாடாவால் இயந்திரத்தின் உடலில் இறுக ஒட்ட வேண்டும்.

கைப்பேசி நொடிக்கு 200 முறை அளக்கிறது என்றால் 100 ஹெர்ட்ஸ் வரையே அதனால் உண்மையாகப் பார்க்க முடியும். அதற்கு மேற்பட்ட அதிர்வு மறைந்துபோவதில்லை. பொய்யான இடத்தில் தோன்றுகிறது. 120 ஹெர்ட்ஸ் அதிர்வு 80 ஹெர்ட்ஸாகத் தெரியும், அதை நம்பிச் செய்த தகடு அசையாமல் நிற்கும். அளவீட்டு வேகத்தைச் செயலியில் பார்த்து உறுதிசெய்த பிறகே நிறமாலையை நம்பலாம்.

மூன்று அச்சுகளிலும் அளந்து, எந்தத் திசையில் முடுக்கம் அதிகம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தகடு அந்தத் திசையில்தான் வளைய வேண்டும். செயலி காட்டுவது உச்ச மதிப்பா, சராசரி இருபடி மூல மதிப்பா என்பதையும் பார்க்க வேண்டும். திறன் முடுக்கத்தின் இருபடியைப் பொறுத்தது. ஆகவே இவ்விரண்டையும் மாற்றி எடுத்துக்கொண்டால் திறன் கணக்கு இரு மடங்கு பிழையாகும்.

ஒரே ஓர் அளவீட்டோடு நிறுத்தக் கூடாது. இரு முனைத் தூண்டல் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளைத் தொடுவதில்லை. சுமை கூடக்கூட அந்த வேகத்திலிருந்து பின்தங்கும் நழுவல் கூடி, சுற்று 2,900 அளவுக்கு இறங்குகிறது. அதாவது அதிர்வெண் 50க்குச் சற்றுக் கீழே தொடங்கி 48ஐ ஒட்டிய இடம் வரை நாள் முழுவதும் ஏறி இறங்கும். மின்மாற்றியின் உறுமல் அப்படியன்று. மின்வழங்கலின் அதிர்வெண்ணைப் போல இரு மடங்கில், 100 அல்லது 120 ஹெர்ட்ஸில், அது ஏறத்தாழ அசையாமல் நிற்கும். எனவே இரண்டும் கிடைக்கும் இடத்தில், முடுக்கம் சற்றுக் குறைவாக இருந்தாலும் நிலையான அதிர்வெண்ணையே தேர்ந்தெடுங்கள்.

இனி வரும் கணக்குகளுக்கு, பம்பின் மேல்மூடியில் 49 ஹெர்ட்ஸில் உச்ச முடுக்கம் நொடிக்கு நொடி 1 மீட்டர் என்று அளந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த அதிர்வில் மூடி நகரும் தொலைவு 10 மைக்ரோமீட்டர் அளவுதான். இதைப் பெருக்கித் தருவதே ஒத்ததிர்வின் வேலை.

## இரண்டாம் படி: வெட்டும் முன் ஒரு கணக்கு

ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு, மறுமுனையில் எடை தாங்கி வளையும் தகட்டை, அதாவது மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துச் சுண்டிவிட்ட அளவுகோலைப் போன்ற அமைப்பைக் கான்டிலிவர் என்பார்கள். இப்படிப்பட்ட நிலைம மின்னாக்கியின் திறனை 1996இல் வில்லியம்ஸ், யேட்ஸ் இருவரும் வெளியிட்ட எளிய மாதிரி கொண்டு மதிப்பிடலாம். ஆட்டத்தை அடக்கும் இழப்பைத் தணிப்பு என்பார்கள்; உராய்வு முதலியவற்றால் வருவது இயந்திரத் தணிப்பு, மின்சாரம் எடுப்பதால் வருவது மின்தணிப்பு. ஒத்ததிர்வில், மின்தணிப்பு இயந்திரத் தணிப்புக்குச் சமமாக இருக்கும்போது, கிடைக்கக்கூடிய அதிகபட்ச மின்திறன் இதுதான்: நிறையை உச்ச முடுக்கத்தின் இருபடியால் பெருக்கி, 16, கோண அதிர்வெண், இயந்திரத் தணிப்பு விகிதம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுக்க வேண்டும்.

5.4 கிராம் நிறை, 1 மீட்டர் முடுக்கம், 49 ஹெர்ட்ஸுக்குரிய கோண அதிர்வெண் 308, தணிப்பு விகிதம் 0.015 என்று இட்டால் 73 மைக்ரோவாட் வருகிறது. இது மேல் எல்லை. கைக்கு வருவது இதில் பாதி என்று திட்டமிடுவதே அறிவுடைமை. முடுக்கம் இரு மடங்கானால் திறன் நான்கு மடங்காகும், நிறை இரு மடங்கானால் திறன் இரு மடங்காகும் என்பதை இந்தக் கணக்கிலிருந்து பார்க்கலாம். வேறு இடம் தேடி முடுக்கத்தைக் கூட்டுவது, விலை உயர்ந்த பீங்கான் வாங்குவதைவிடப் பலன் தரும். அதிகபட்ச எல்லையே உங்கள் உணரியின் தேவைக்குக் கீழே நின்றால், இங்கேயே நிறுத்திவிட்டு வேறு ஆற்றல் மூலத்தைத் தேடுங்கள்; எவ்வளவு நேர்த்தியான மின்சுற்றும் இந்த எல்லையைத் தாண்டாது.

## மூன்றாம் படி: தகட்டின் அளவுகள்

தகட்டின் விறைப்பைக் காண, பொருளின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகத்தை அகலத்தாலும் தடிமனின் முப்படியாலும் பெருக்கி, நீளத்தின் முப்படியின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 0.4 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுத் தகட்டை எடுத்துக்கொண்டால், யங் குணகம் 200 கிகாபாஸ்கல் என்ற நிலையில் விறைப்பு மீட்டருக்கு 512 நியூட்டன். இதைக் கோண அதிர்வெண்ணின் இருபடியால் வகுத்தால் 5.4 கிராம் வருகிறது. நுனியில் இருக்க வேண்டிய செயல்படு நிறை இதுவே. தகட்டின் சொந்த எடை 3.14 கிராம், அதில் 0.236 பங்கு, அதாவது 0.74 கிராம், நுனி நிறையோடு சேர்ந்து அசைவதாகக் கொள்ள வேண்டும். மீதி 4.7 கிராமைத் தனியாக நுனியில் பொருத்த வேண்டும்.

பீங்கானை ஒட்டியதும் விறைப்பு கூடி அதிர்வெண் உயரும். ஆகவே கணக்கில் வந்த நிறையை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, எடையைக் கூட்டவும் நகர்த்தவும் வழி வைத்துச் செய்யுங்கள். சிறிய பித்தளைக் கட்டையில் ஒரு திருகு போட்டு, அதைத் தகட்டின் நீளவாக்கில் நகர்த்திப் பூட்டும்படி அமைத்தால் பின்னால் ஒத்திசைப்பது எளிது.

அதிர்வெண் நீளத்தின் ஒன்றரைப் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. 50 மில்லிமீட்டரில் 1 மில்லிமீட்டர் பிசகினால் அதிர்வெண் 3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1.5 ஹெர்ட்ஸ் நகரும். மின்தணிப்பும் இயந்திரத் தணிப்பும் சேர்ந்த மொத்தத் தணிப்பு 0.03 என்ற நிலையில், ஒத்ததிர்வு உச்சியிலிருந்து அதே 1.5 ஹெர்ட்ஸ் விலகினாலே திறன் பாதியாகிவிடும். ஒரு மில்லிமீட்டருக்குப் பாதித் திறன் போகிறது என்ற இந்தக் கணக்கை வெட்டும் மேசையில் எழுதி ஒட்டிவைக்கலாம். பட்டையாக இல்லாமல், பிடியருகே அகலமாகவும் நுனியை நோக்கிக் குறுகியும் தகட்டை வெட்டினால் திரிபு, அதாவது வளைவதால் பரப்பு நீள்வதும் சுருங்குவதும், நீளம் முழுவதும் ஓரளவு சமமாகப் பரவி, அதே அளவு பீங்கானிலிருந்து கூடுதல் மின்சாரம் கிடைக்கும். முதல் முயற்சிக்கு நேர்பட்டையே போதும்.

## நான்காம் படி: பீங்கானை ஒட்டுதல்

வளையும் தகட்டில் திரிபு பிடியின் ஓரத்தில் உச்சமாகவும் நுனியில் சுழியாகவும் இருக்கும். சேமிக்கப்படும் திரிபாற்றலில் 87.5 சதவீதம் பிடியை ஒட்டிய முதல் பாதியிலேயே அடங்கிவிடுகிறது. ஆகவே பீங்கான் தகட்டைப் பிடியின் விளிம்பை ஒட்டியே தொடங்கி, பாதி நீளம் வரை ஒட்டினால் போதும். பிடியிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டுவது, மிக வளமான பகுதியை வெறுமையாக விடுவதாகும்.

எஃகின் பரப்பை மென்மையான உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து, இருகூற்று எப்பாக்ஸிப் பசையை மிக மெல்லியதாகத் தடவி, சீரான அழுத்தத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். சிலிக்கோன் போன்ற ரப்பர்த் தன்மையுள்ள பசை, எஃகின் திரிபைப் பீங்கானுக்குக் கடத்தாமல் தானே விழுங்கிவிடும். சூடாக்கி உலர்த்தும் பசையாக இருந்தால், பீங்கானின் இரு மின்வாய்களையும் ஒரு கம்பியால் குறுக்கே இணைத்துவையுங்கள். வெப்பநிலை மாறும்போதும் இப்பொருள்களில் மின்னூட்டம் தோன்றும், அது சேர்ந்து உயர் மின்னழுத்தமாகிவிடலாம்.

இரு பக்கமும் ஒவ்வொரு பீங்கான் ஒட்டும்போது ஒன்று இழுபடும் நேரத்தில் மற்றொன்று அழுந்துகிறது. முனைவாக்கத் திசையைப் பார்க்காமல் கம்பிகளை இணைத்தால் இரண்டின் மின்சாரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக, மின்னழுத்தத்தை அலையாகத் திரையில் காட்டும் அலைநோக்கியில் இணைத்து, நுனியை மெதுவாக ஒரே திசையில் அழுத்தி, எந்தக் கம்பி நேர் மின்னழுத்தம் காட்டுகிறது என்று குறித்த பிறகே இணையுங்கள்.

கம்பிகளைப் பிடியருகே, அசைவு குறைந்த இடத்தில் பற்றவைக்க வேண்டும். முடியளவு மெல்லிய, பல இழைக் கம்பியே ஏற்றது. இரண்டு நொடிக்குள் பற்றவைத்து முடித்துவிட வேண்டும். கோடிக்கணக்கான முறை வளைவது கண்ணுக்குத் தெரியாது என்றாலும் கம்பிக்குத் தெரியும்: 49 ஹெர்ட்ஸ் என்பது நாளொன்றுக்கு 42 லட்சம் வளைவுகள், ஒரு கோடி மூன்றே நாளில் கடந்துவிடும். கம்பியைச் சற்றுத் தளர்வாக விட்டு, பிடியின் மேல் ஒரு துளிப் பசையால் ஊன்றிவிடுங்கள்.

பிடி என்பது இங்கே ஒரு துணைப்பகுதி அன்று. இரண்டு தடித்த உலோகத் துண்டுகளுக்கிடையே தகட்டை வைத்துத் திருகால் இறுக்குங்கள். பிடி நெகிழிப் பொருளாலானது அல்லது திருகு தளர்ந்தது என்றால் அதிர்வெண் இறங்கும், தணிப்பு ஏறும், இரண்டும் சேர்ந்து திறனைத் தின்றுவிடும்.

## ஐந்தாம் படி: தணிப்பை அறிந்து ஒத்திசைத்தல்

சுமை எதுவும் இணைக்காமல் தகட்டை அலைநோக்கியில் இணைத்து, நுனியை ஒருமுறை சுண்டிவிடுங்கள். தேய்ந்துகொண்டே போகும் அலை தெரியும். அதன் வீச்சு பாதியாகும் வரை எத்தனை அலைகள் கடந்தன என்று எண்ணி, 0.11ஐ அந்த எண்ணால் வகுத்தால் தணிப்பு விகிதம் கிடைக்கும். ஏழு அலைகளில் பாதியானால் விகிதம் 0.015ஐ ஒட்டி இருக்கிறது என்று பொருள். மூன்றே அலைகளில் பாதியாகிவிட்டால் பசையையோ பிடியையோ மீண்டும் பார்க்க வேண்டும். அதே அலையில் அடுத்தடுத்த உச்சிகளுக்கு இடையேயுள்ள நேரத்தைக் கொண்டு அதிர்வெண்ணும் கிடைக்கும்.

இனி எடையை நகர்த்தி அதிர்வெண்ணை 49க்குக் கொண்டுவர வேண்டும். எடையைப் பிடியை நோக்கித் தள்ளினால் அதிர்வெண் ஏறும், நுனியை நோக்கித் தள்ளினால் இறங்கும். இயந்திரத்துக்கு எடுத்துச் செல்லும் முன்னரே சரிபார்க்க விரும்பினால், பழைய ஒலிபெருக்கியின் கூம்பின் நடுவில் பிடியை ஒட்டி, கைப்பேசிச் செயலி எழுப்பும் தூய ஒலியை 44 முதல் 54 ஹெர்ட்ஸ் வரை அரை அரை ஹெர்ட்ஸாக ஏற்றிப் பாருங்கள். உச்சி எங்கே என்பதோடு, அது எவ்வளவு கூர்மையானது என்பதும் தெரிந்துவிடும். மோட்டாரின் அதிர்வெண் நாள்முழுக்க 1 ஹெர்ட்ஸுக்கு மேல் அலைகிறது என்றால், மிகக் கூர்மையான உச்சி நன்மை செய்யாது; சற்றே வேறுபட்ட அதிர்வெண்ணுள்ள இரண்டு மூன்று தகடுகளை, ஒவ்வொன்றுக்கும் மாறுமின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும் தனித்தனி அலைதிருத்தியுடன், பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்ல வழி.

அசைவு கட்டுமீறாமல் இருக்க, நுனியின் மேலும் கீழும் தடுப்பு வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் நுனி அரை மில்லிமீட்டருக்குள்தான் அசையும். ஆனால் யாரேனும் பெட்டியைக் கீழே போட்டாலே பீங்கான் விரிசல் விட்டுவிடும். அழுத்தத்தைத் தாங்குமளவு இழுவையை அது தாங்குவதில்லை.

## ஆறாம் படி: மின்சுற்று

மின்சுற்றின் பார்வையில் பீசோ தகடு, ஒரு மாறுமின்னோட்ட மூலமும் அதற்கு இணையாக ஒரு மின்தேக்கியும் சேர்ந்தது. ஒவ்வொரு பீங்கானும் 25 நானோஃபாரட் என்று கொள்வோம். இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 நானோஃபாரட். தொடர் இணைப்பில் 12.5 நானோஃபாரட், ஆனால் மின்னழுத்தம் இரு மடங்கு. இரண்டிலும் எடுக்கக்கூடிய திறன் ஒன்றே. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அடுத்து வரும் சில்லு தீர்மானிக்கிறது.

மின்தடையை நேரடியாக இணைத்துச் சோதிக்கும்போது, கோண அதிர்வெண்ணையும் மின்தேக்குதிறனையும் பெருக்கி அதன் தலைகீழியை எடுத்தால் ஏற்ற மின்தடை கிடைக்கும். 50 நானோஃபாரடுக்கு அது 65 கிலோஓம், 12.5 நானோஃபாரடுக்கு 260 கிலோஓம். இந்த மதிப்பைச் சுற்றி ஐந்தாறு மின்தடைகளை மாற்றி மாற்றி இணைத்து, மின்னழுத்தத்தின் இருபடியை மின்தடையால் வகுத்துத் திறனைக் கணித்து வரைபடமாக்குங்கள். ஒரு குன்று போல வளைகோடு எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது.

நான்கு டயோடு அலைதிருத்தியும் அதன்பின் ஒரு பெரிய மின்தேக்கியும் வைக்கும்போது விதி சற்று மாறும். திருத்தப்பட்ட மின்னழுத்தம், திறந்த சுற்றின் (சுமை எதுவும் இணைக்காத நிலையின்) உச்ச மின்னழுத்தத்தில் பாதியாக நிற்கும்போதே அதிகத் திறன் வருகிறது. அப்போதைய திறன், அதிர்வெண், மின்தேக்குதிறன், திறந்த சுற்று உச்ச மின்னழுத்தத்தின் இருபடி ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். பக்க இணைப்பில் 5 வோல்ட் உச்சம் அளந்திருந்தால் 61 மைக்ரோவாட் என்று வரும். மின்சாரம் எடுப்பதால் தகட்டின் ஆட்டம் குறையாத நிலைக்கே இக்கணக்கு பொருந்தும். அசைவுக்கும் மின்சாரத்துக்கும் இடையேயான பிணைப்பு வலுவான தகடுகளில் முன்பு சொன்ன பிரேக் விளைவு தலையிட்டு உண்மை மதிப்பைக் கீழிறக்கும்.

அலைதிருத்தி, மின்தேக்கக் கண்காணிப்பு, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி மூன்றும் ஒரே சில்லில் அடங்கிய எல்.டி.சி. 3588-1 இவ்வேலைக்கென்றே செய்யப்பட்டது. 1.8, 2.5, 3.3, 3.6 வோல்ட்டுகளில் ஒன்றை வெளியீடாகத் தேர்ந்தெடுக்கலாம். வெளியீடு சும்மா இருக்கும்போது அது தனக்கென எடுப்பது ஒரு மைக்ரோஆம்பியருக்கும் குறைவு. 3.3 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தால், உள்ளீட்டு மின்தேக்கி 5 வோல்ட்டை ஒட்டி ஏறும்வரை காத்திருந்து திறக்கும், 3.7 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் மூடிக்கொள்ளும்.

தொடர் இணைப்பா, பக்க இணைப்பா என்ற கேள்விக்கு விடை இந்த எண்களில் இருக்கிறது. பக்க இணைப்பில் திறந்த சுற்று உச்சம் 5 வோல்ட். டயோடுகளின் இழப்பு போக உள்ளீடு 5 வோல்ட்டை எட்டவே எட்டாது, சில்லு ஒருமுறைகூடத் திறக்காது. தொடர் இணைப்பில் உச்சம் 10 வோல்ட்; அதன் பாதி 5, சில்லு வேலை செய்யும் 3.7 முதல் 5 வரையான இடைவெளியின் விளிம்பிலேயே வந்து அமர்கிறது. தகட்டை மாற்றாமல், ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைப்பதால் மட்டுமே, உயிரற்ற சுற்று உயிர்பெறும் இடம் இது.

தனி டயோடுகளால் செய்பவர் இரண்டு இழப்புகளை எடைபோட வேண்டும். ஷாட்கி டயோடில் முன்னோக்கு வீழ்ச்சி குறைவு, ஆனால் பின்னோக்குக் கசிவு அதிகம். சூடான இடத்தில் அக்கசிவு பல மடங்காகும். சேமிக்கும் மின்தேக்கியிலும் இதே கவனம் வேண்டும். சாதாரண மின்பகு மின்தேக்கியின் கசிவு சில மைக்ரோஆம்பியர்கள் இருக்கலாம். நம் மொத்த வரவே பத்து மைக்ரோஆம்பியரை ஒட்டித்தான். பீங்கான் மின்தேக்கிகள் மிகக் குறைவாகவே கசியும் என்றாலும், மின்னழுத்தம் ஏறும்போது அவற்றின் கொள்ளளவு குறைகிறது. வேண்டியதைவிடப் பெரிதாக எடுக்க வேண்டும்.

தகட்டின் மின்னழுத்தம் உச்சத்தை எட்டும் கணங்களில் ஒரு தூண்டுசுருளை நொடிப்பொழுது இணைத்து மின்னழுத்தத்தைத் தலைகீழாக்கும் சுற்றுகளும் உண்டு. அந்தப் பிணைப்பு வலுக்குறைந்த தகடுகளில் அவை திறனைப் பல மடங்கு கூட்டவல்லவை. ஆனால் அந்த ஆளியை இயக்கவே சில மைக்ரோவாட் செலவாகும். முதலில் எளிய சுற்றை முழுமையாக இயங்கவைத்த பிறகு அங்கே போகலாம்.

## ஏழாம் படி: வரவு செலவு

இழப்பெல்லாம் போக 40 மைக்ரோவாட் மின்தேக்கியில் சேர்வதாகக் கொள்வோம். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 5 வோல்ட்டிலிருந்து 3.7 வோல்ட்டுக்கு இறங்கும்போது தருவது 0.57 மில்லிஜூல். அதை மீண்டும் நிரப்ப 14 நொடி ஆகும். ஒரு ரேடியோ பரப்பி 3.3 வோல்ட்டில் 15 மில்லிஆம்பியர் எடுத்து 5 மில்லிநொடி பேசினால் 0.25 மில்லிஜூல் செலவு. எழும்புதல், அளத்தல், பேசுதல் எல்லாம் ஒரே நிரப்பலில் அடங்குகின்றன.

உறக்கநிலைச் செலவை இங்கே மறப்பவர் பலர். நுண்கட்டுப்படுத்தி உறங்கும்போது 2 மைக்ரோஆம்பியர் எடுத்தாலும் அது இடைவிடாத 6.6 மைக்ரோவாட், சில்லின் சொந்தத் தேவை மேலும் 5. வரவில் கால்பங்குக்கு மேல் உறக்கத்திலேயே போய்விடுகிறது. ஆகவே 14 நொடிக்கு ஒருமுறை என்று கணக்கு சொன்னாலும் நிமிடத்துக்கு ஒருமுறை என்று அமையுங்கள். நிரல் எழுதும்போது, எழுந்ததும் முதலில் மின்தேக்கியின் நிலையைப் பார்த்து, போதாவிட்டால் எதுவும் செய்யாமல் மீண்டும் உறங்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பாதி அனுப்பி அணைந்து, மீண்டும் எழுந்து, மீண்டும் அணையும் சுழலில் சிக்கிக்கொள்ளும்.

## எட்டாம் படி: பொருத்துதலும் பழுது காணலும்

மின்னாக்கியின் அடித்தளத்தை இயந்திரத்தில் திருகாலோ வலுவான காந்தத்தாலோ பிடிக்கச் செய்யுங்கள். நுரை ஒட்டுநாடா அதிர்வைக் கடத்தாது. மெல்லிய மூடியின் மேல் கனமான பெட்டியை வைத்தால் மூடியின் அதிர்வே மாறிவிடும் என்பதால், பொருத்திய பிறகு அதிர்வை மறுபடியும் அளந்து, எடையை மீண்டும் ஒத்திசைக்க வேண்டும். முதல் வாரத்தில் காலை, நண்பகல், இரவு என மூன்று நேரங்களில் உள்ளீட்டு மின்னழுத்தத்தைக் குறித்துவையுங்கள். அப்போது 10 மெகாஓம் மல்டிமீட்டரே 5 வோல்ட்டில் அரை மைக்ரோஆம்பியரை உறிஞ்சுகிறது என்பதை நினைவில் கொண்டு, அளந்ததும் எடுத்துவிடுங்கள்.

மின்னழுத்தம் மெல்ல மெல்லக் குறைந்துவந்தால் முதலில் பிடியின் திருகை இறுக்கிப் பாருங்கள். பிறகு தகட்டைச் சுண்டி அதிர்வெண்ணையும் தணிப்பையும் பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். அதிர்வெண் மாறாமல் மின்னழுத்தம் மட்டும் குறைந்திருந்தால், மின்தேக்குதிறனை மின்தேக்கமானியால் அளக்க வேண்டும். அது தெளிவாகக் குறைந்திருந்தால் பீங்கானில் விரிசல் விழுந்து மின்வாயின் ஒரு பகுதி துண்டாகிவிட்டது. மின்தேக்குதிறன் அப்படியே இருந்து மின்னழுத்தம் மட்டும் போயிருந்தால் வெப்பத்தால் முனைவாக்கம் தளர்ந்திருக்கலாம். அந்தப் பீங்கானை மாற்றுவதே வழி. மின்னழுத்தம் திடீரென முழுவதும் நின்றுபோனால் பற்றவைத்த இடத்துக் கம்பியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுண்டும்போது மட்டும் மின்னழுத்தம் வந்து, இயந்திரத்தின் மேல் வைத்ததும் வராவிட்டால், தகட்டில் குறையில்லை. இயந்திரத்தின் அதிர்வெண் நகர்ந்துவிட்டது. கைப்பேசியை மீண்டும் மூடியின் மேல் ஒட்டி, முதல் படியிலிருந்து அளக்கத் தொடங்குங்கள்.